ஆள் குறைந்த ஊரும் கைவிடப்பட்ட ஊரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு காலத்தில் மாலை வேளைகளில் தோள் இடிபடாமல் நடக்க முடியாத கடைத்தெருவில் இன்று பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு நகரம் எப்படிச் சரியத் தொடங்குகிறது? ஏதோ ஓர் ஆலை மூடப்படுவதுதான் காரணமா, அதற்கு முன்பே ஏதேனும் நடந்துவிடுகிறதா?

பதில்: ஆலை மூடப்படும் நாளை நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்ட முடியும் என்பதால் அதையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற எஃகு நகரத்துக்கு அப்படியொரு நாள் உண்டு. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. அந்நகரை அடுத்திருந்த பெரிய எஃகு ஆலை மூடப்படும் என்று அன்று அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊரார் இன்றும் அதைக் ‘கறுப்புத் திங்கள்’ என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் 1930இல் 1,70,000 பேர் வாழ்ந்த அந்த நகரத்தில் மக்கள்தொகை அந்தத் திங்கட்கிழமைக்குப் பல ஆண்டுகள் முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 60,000 பேர்.

வேலை போவது முதல் அடி. அது எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்திலிருந்து 58 கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டபோது, கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் மூட்டை சுமந்துகொண்டிருந்த தொழிலாளி அதைத் தன் பிழைப்போடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் நூறு பேர் நாள் கணக்கில் செய்த வேலையை ஒரு கிரேன் மணிக் கணக்கில் முடித்தது. வேலை குறைந்ததாலும், நகர நடுவிலிருந்த குடியிருப்புகளை இடித்து மக்களைப் புறநகர்களுக்கு மாற்றியதாலும், 1931இல் எட்டரை லட்சமாக இருந்த லிவர்பூலின் மக்கள்தொகை 2001இல் 4.4 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது.

ஊரைச் சாய்ப்பது இரண்டாவது அடி. அது நகராட்சியின் வரவுசெலவுப் புத்தகத்தில் விழுவதால் பலர் கவனிப்பதில்லை. மக்கள் போகிறார்கள், அவர்களுக்காகப் போட்ட சாலை போகாது, குழாய் போகாது, ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியருக்குத் தர வேண்டிய ஓய்வூதியமும் போகாது. அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் 1950இல் 18.5 லட்சம் பேர் இருந்தனர், 2020இல் 6.4 லட்சம் பேர் இருந்தனர். நகரத்தின் பரப்பளவு மட்டும் அன்றும் இன்றும் ஏறத்தாழ 360 சதுர கிலோமீட்டர். செலவு அப்படியே நிற்க, அதைத் தாங்கும் தோள்கள் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால், மிஞ்சியவர்கள்மீது வரி ஏறும், அவர்களுக்குக் கிடைக்கும் வசதி இறங்கும். அதைக் கண்டு, போக வழியுள்ளவர்களில் இன்னும் சிலர் போவார்கள். 2010 முதல் 2016 வரை டெட்ராய்ட் நகராட்சி வீடுகளின் மதிப்பை உண்மை விலையைவிட உயர்த்திக் காட்டி வரி வசூலித்ததும், அப்படி மிகையாகக் கேட்கப்பட்ட தொகை 60 கோடி டாலரைத் தாண்டும் என்பதும் பின்னர் வெளிவந்தன. அந்த வரியைக் கட்ட முடியாமல் வீடிழந்தவர்கள் யார்? எல்லோரும் ஓடிய பிறகும் அந்த ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர்கள். அந்தக் கணக்கைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஆட்சியாளர்கள் எடுத்த முடிவுகளும் இருக்கின்றன. 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அங்கே வீட்டுக்கடன் தருவது ஆபத்து என்று குறித்து வைத்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட நெடுஞ்சாலைகள் பல நகரங்களில் அதே பகுதிகளை இடித்துக்கொண்டு சென்று, வெள்ளையர் குடியேறிய புறநகர்களுக்கு வழி திறந்தன. ஸ்பெயினில் மக்கள் குறைந்துபோன உள்நாட்டு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள் 2019 மார்ச்சில் மாட்ரிட் வீதிகளில் திரண்டபோது, தங்கள் ஊர்களைக் ‘காலியான ஸ்பெயின்’ என்று சொல்ல மறுத்து, ‘காலியாக்கப்பட்ட ஸ்பெயின்’ என்று முழங்கினார்கள். உங்கள் கேள்விக்கு அந்த ஒற்றைச் சொல்லில் பாதிப் பதில் இருக்கிறது.

சரிவு எப்போதும் பாழடைந்த கட்டடமாகத்தான் தென்படும் என்றும் எண்ண வேண்டாம். 1982 ஜனவரியில் மும்பையின் பஞ்சாலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். பெரும்பாலோர் மீண்டும் அந்த ஆலைகளுக்குள் நுழையவே இல்லை. நிலத்துக்கு விலை இருந்த நகரம் என்பதால், ஆலை நின்ற இடங்களில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுந்தன. அந்தத் தெருவைப் புகைப்படம் எடுத்தால் வளர்ச்சி என்றுதான் தெரியும்.

கேள்வி: மக்கள்தொகை குறைகிற நகரம் செத்துக்கொண்டிருக்கிறது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். குறைந்த மக்களோடு ஒரு நகரம் நன்றாக வாழ முடியாதா?

பதில்: வாழ முடியும். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. சுருங்குவது வேறு, சிதைவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான், ஆள் குறைந்த நகரங்கள் தமக்கு வேண்டியதைச் செய்யாமல் போனவர்களைத் திரும்ப அழைப்பதிலேயே பணத்தைக் கொட்டுகின்றன. ரோம் நகரம் பேரரசின் உச்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரோடு இருந்து, இடைக்காலத் தொடக்கத்தில் சில பத்தாயிரங்களாகச் சுருங்கி, பிறகு மீண்டும் பெருகியது. இடையில் கழிந்த நூற்றாண்டுகளில் அங்கே பிறந்து வளர்ந்து மடிந்தவர்களுக்கு அது அவர்களுடைய ஊர்.

ஆனால் சுருங்குவதற்கும் ஒரு தொழில்நுட்பம் வேண்டும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இரண்டு லட்சம் பேருக்காகப் பதித்த குடிநீர்க் குழாயில் எண்பதாயிரம் பேர் தண்ணீர் பிடித்தால், குழாய்க்குள் நீர் ஓடாமல் தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் குளோரின் வீரியம் இழக்கும், கிருமி வளரும், குழாயின் உட்புறமும் அரிக்கும். கழிவுநீர்க் குழாயில் போதிய ஓட்டம் இல்லாவிட்டால் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும். கிழக்கு ஜெர்மனியின் சில நகரங்களில் குழாய்களைக் கழுவுவதற்காகவே நல்ல தண்ணீரைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 1960இல் ஏறத்தாழ 1.97 லட்சம் பேர் இருந்தனர், 2020இல் 81,000 பேர். வருமானம் வற்றிய அந்த நகரத்தை நடத்த மாநில அரசு ஒரு நெருக்கடி மேலாளரை நியமித்தது. செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் குடிநீரின் ஆதாரம் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருளை அந்த நீரில் கலக்கவில்லை. ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. ஆள் குறைந்ததால் அந்தக் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று சொன்னால் அது பொய். குறைந்த ஆட்களுக்கு ஏற்ற குழாயையும், அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நிர்வாகத்தையும் யாரும் அமைத்துத் தரவில்லை என்பதால் பாதிக்கப்பட்டார்கள்.

மறுபக்கம் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக். 1989இல் 5.3 லட்சம் பேர் இருந்த அந்த நகரம், ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு ஆலைகள் மூடப்பட்டு, பத்தே ஆண்டுகளில் 4.4 லட்சத்துக்குக் கீழே சரிந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஏறத்தாழ 60,000 வீடுகள் பூட்டிக் கிடந்தன. கிழக்குப் பகுதி முழுவதிலும் காலி வீடுகள் பத்து லட்சத்தைத் தொட்டபோது, 2002இல் ஜெர்மானிய அரசு, தேவைக்கு மிஞ்சிய குடியிருப்புகளை இடிக்கவும், எஞ்சியவற்றைச் செப்பனிடவும் நிதி ஒதுக்கி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நகரம் சுருங்குகிறது என்பதை அரசே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. லைப்சிக்கில் 2004 முதல் ‘காவல் வீடுகள்’ என்றொரு ஏற்பாடும் வந்தது: உரிமையாளரின் உரிமை அப்படியே இருக்கும், கலைஞர்களோ சங்கங்களோ அந்த வீட்டில் வாடகையின்றிப் புழங்கி, நடைமுறைச் செலவை மட்டும் ஏற்று, கூரை ஒழுகாமலும் குழாய் வெடிக்காமலும் பார்த்துக்கொள்வார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட பழைய கட்டடங்கள், பிறகு மக்கள் திரும்பி வந்தபோது அவர்களுக்குக் குடியிருப்பாயின. பக்கத்துச் சிற்றூர்கள் சேர்க்கப்பட்டதும் அந்த எண்ணிக்கையில் அடங்கும் என்றாலும், இன்று லைப்சிக்கின் மக்கள்தொகை ஆறு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

யங்ஸ்டவுனும் 2005இல், இனி நாங்கள் சிறிய நகரம் என்று ஏற்றுக்கொண்டு ஒரு திட்டம் வகுத்தது. ஒரு தெருவில் இரண்டு மூன்று குடும்பங்களே எஞ்சியிருந்தால் அவர்களை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டு, அந்தத் தெருவின் பராமரிப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு யோசனை. உதவித்தொகை தருவதாகச் சொல்லியும் பெரும்பாலோர் வீட்டைவிட்டு நகரவில்லை. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். வரைபடத்தில் காலியாகத் தெரியும் தெருவில் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் வைத்திருப்பார்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பதினோரு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கூரை சரிந்துவிட்டது, குப்பை சேர்கிறது, இரவில் அந்தப் பக்கம் நடக்க என் மகள் அஞ்சுகிறாள். உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசுகள் பலர், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஒரு பூட்டிய வீட்டை யாருமே ஒன்றும் செய்ய முடியாது என்பது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை. உங்கள் மகளின் அச்சத்தையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு மருத்துவ ஆய்வே சான்றாக இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வீடு ஏன் அப்படியே நிற்கிறது என்று பார்ப்போம்.

இந்தச் சிக்கலை எல்லோரையும்விட ஆழமாக அனுபவித்துவரும் நாடு ஜப்பான். 2023ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி அங்கே 90 லட்சம் வீடுகள் காலியாக உள்ளன; மொத்த வீடுகளில் அது 13.8 விழுக்காடு. இறப்பு மிகுந்து பிறப்பு குறைந்த நாடு என்பது ஒரு காரணம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரிச் சட்டத்தில் இருந்த ஒரு விதி: வீடு நிற்கும் சிறிய மனைக்குச் சொத்து வரியைக் கணக்கிடும்போது மதிப்பை ஆறில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம், வீட்டை இடித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். வீடு கட்டுவதை ஊக்குவிக்க வந்த சலுகை அது. மக்கள் பெருகிய காலத்தில் நன்றாக வேலை செய்த அந்த விதியே, மக்கள் குறைந்த காலத்தில், இடிந்த வீட்டைக்கூட இடிக்காமல் வைத்திருப்பதே ஆதாயம் என்று வாரிசுகளுக்குக் கற்றுக்கொடுத்தது. 2015இல் வந்த சட்டம், ஆபத்தான நிலையிலுள்ள காலி வீட்டுக்கு இந்தச் சலுகையை நீக்கவும், தேவைப்பட்டால் நகராட்சியே இடித்துவிட்டு உரிமையாளரிடம் செலவை வசூலிக்கவும் வழி செய்தது. 2023இல் அதைத் திருத்தி, சரிவர பராமரிக்கப்படாத வீடுகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரல் முதல், வாரிசாக நிலம் பெறுபவர் மூன்று ஆண்டுகளுக்குள் அதைத் தம் பெயரில் பதிவு செய்தாக வேண்டும், தவறினால் அபராதம் என்ற விதியும் நடப்புக்கு வந்தது. உங்கள் அடுத்த வீட்டுக்கு இந்தக் கடைசி விதிதான் முக்கியம். உரிமையாளர் யார் என்றே தெரியாத வீட்டுக்கு எந்தச் சட்டமும் கடிதம்கூட அனுப்ப முடியாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் வேறொரு வழியில் போனது. வரி கட்டாமல் விடப்பட்ட வீடுகளை முன்பெல்லாம் ஏலத்தில் விட்டார்கள்; நிலத்தைப் பார்க்கவே வராத ஊகவணிகர்கள் குறைந்த விலைக்கு வாங்கி, அவர்களும் வரி கட்டாமல் விட, வீடு கைமாறிக் கைமாறிச் சிதைந்தது. 1999இல் அந்தச் சட்டத்தை மாற்றிய பிறகு, ஃபிளின்ட் அமைந்துள்ள ஜெனசி மாவட்டத்தில் 2002இல் ‘நில வங்கி’ என்ற பொது அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. கைவிடப்பட்ட வீட்டை அது தன் பொறுப்பில் எடுக்கும்; தேறும் வீட்டைச் செப்பனிட்டு விற்கும், தேறாததை இடிக்கும், ஓரத்து மனையை அடுத்த வீட்டுக்காரருக்கே குறைந்த விலையில் கொடுக்கும். ஊரைச் சுற்றி உள்ள எல்லா வீடுகளும் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. ஆனால் ‘இதற்கு யார் பொறுப்பு’ என்று கேட்டால் ஒரு முகவரி இருந்தது. ஒரு தெருவின் விதியைத் தீர்மானிப்பது காலி வீடுகளின் எண்ணிக்கையைவிட, அவற்றுக்கு அப்படியொரு முகவரி இருக்கிறதா என்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அந்த ஆய்வு. ஃபிலடெல்ஃபியா நகரத்தில் கைவிடப்பட்ட 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதி மனைகளில் குப்பையை அள்ளி, தரையைச் சமன்படுத்தி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, ஆட்கள் உள்ளே வந்துபோக இடம் விட்டு ஒரு தாழ்ந்த மரவேலி அமைத்து, தொடர்ந்து பராமரித்தார்கள். மற்றொரு பகுதியில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவது பகுதியை இருந்தபடியே விட்டார்கள். புதிய மருந்தைச் சோதிக்கும் அதே முறை. 2018இல் வெளியான முடிவுகளின்படி, வறுமை மிகுந்த பகுதிகளில் செப்பனிடப்பட்ட மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது; பசுமையாக்கப்பட்ட மனைகளின் அருகே வாழ்ந்தவர்களில் மனச்சோர்வை உணர்வதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 41 விழுக்காடு குறைந்தார்கள். அங்கே புதிய வேலைவாய்ப்பு எதுவும் வரவில்லை, எவருடைய வருமானமும் உயரவில்லை. புல்லும், ஒரு வேலியும், மாதந்தோறும் வந்து வெட்டிவிட்டுப் போகும் ஓர் ஆளும் வந்ததுதான் மாற்றம்.

ஆகவே, முழு வீட்டையும் சீர்செய்ய வழி பிறக்கும்வரை காத்திருக்காமல், முன்புறக் குப்பையை அகற்றவும், திறந்து கிடக்கும் வாசலை அடைக்கவும், அங்கே ஒரு விளக்கு எரியவும் தெருவார் ஒன்றுசேர்ந்து நகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு பிரதியை வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். பலர் கூட்டாக உரிமை கொண்ட வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணியிருப்பது வழக்கம். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் கிடைக்கும்போது அந்த எண்ணம் நீடிக்காது.

கேள்வி: கடைத்தெருக்களைக் கொன்றது இணைய வணிகம்தானே?

பதில்: கடைசியாக அடித்தது அது. அதற்கு முன்பே கடைத்தெரு பலவீனமாகியிருந்தது. கூரை மூடிய, குளிரூட்டப்பட்ட முதல் வணிக வளாகம் 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற புறநகரில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த விக்டர் க்ரூயன் வியன்னாவில் பிறந்தவர். வளாகத்தைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் பூங்காவும் அமைந்து, நடந்து புழங்கக்கூடிய ஒரு புதிய ஊர் நடுவம் உருவாகும் என்று அவர் திட்டமிட்டார். எடுத்துக்கொள்ளப்பட்டது வளாகமும் அதைச் சுற்றிய வாகன நிறுத்தமும் மட்டுமே. தம் பெயரில் உலகெங்கும் பரவிய அந்த வடிவத்தை அவரே பின்னாளில் ஏற்க மறுத்தார். பிரிட்டனில் 800க்கும் மேற்பட்ட ஊர்க் கடைத்தெருக்களில் கிளை வைத்திருந்த வுல்வொர்த்ஸ் நிறுவனம் 2009 ஜனவரியில் எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது. கைப்பேசியில் பொருள் வாங்கும் பழக்கம் அப்போது இன்னும் வேரூன்றவில்லை.

கடை மட்டுமே கடைத்தெருவை நடத்துவதும் இல்லை. வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் பள்ளிக்கும் வந்தவர்கள் போகிற வழியில் வாங்கினார்கள். 2015க்குப் பிறகு பிரிட்டனில் 6,000க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்திருந்த கடைகளுக்கு வந்துகொண்டிருந்த கால்களை நிறுத்தியது. இதைப் புரிந்துகொண்டுதான் பிரெஞ்சு அரசு 2018இல் 222 நடுத்தர ஊர்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாண்டுகளில் 500 கோடி யூரோ செலவில் அவற்றின் நடுப்பகுதியை மீட்கும் திட்டத்தை அறிவித்தபோது, கடைகளோடு வீடுகளையும் பொதுச் சேவைகளையும் சேர்த்தே அதில் வைத்தது. மேல்மாடியில் ஆட்கள் குடியிருக்கும் தெருவில்தான் கீழ்த்தளக் கடையும் நிலைக்கும். ஸ்பெயினின் பொந்தேவெத்ரா, ஏறத்தாழ 83,000 பேர் வாழும் ஊர். 1999இல் தன் பழைய நடுப்பகுதியிலிருந்து கார்களை வெளியேற்றியது. வாடிக்கையாளர் வரமாட்டார் என்று அஞ்சிய கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அந்த முடிவை எடுத்த மேயரையே அந்த ஊர் அதற்குப் பின்னும் பலமுறை தேர்ந்தெடுத்திருக்கிறது.

கேள்வி: ஒரு பெரிய அருங்காட்சியகமோ கேளிக்கைப் பூங்காவோ கட்டினால் ஊர் எழுந்துவிடும் என்கிறார்களே?

பதில்: எல்லோரும் காட்டுவது ஸ்பெயினின் பழைய ஆலை நகரமான பில்பாவோ. 1997 அக்டோபரில் அங்கே திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகம் ஊருக்குப் புதுப் புகழ் தந்தது உண்மை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கழிவுகள் ஓடிய ஆற்றைத் துப்புரவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். துறைமுகத்தைக் கடல்முகத்துக்கு நகர்த்தத் தொடங்கியதும், ஆலை நிலங்களை மீட்க 1992இல் ஒரு பொது நிறுவனத்தை அமைத்ததும், 1995இல் மெட்ரோ ரயிலை ஓடவிட்டதும் அருங்காட்சியகத்துக்கு முந்தியவை. கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் அதை மட்டும் நகல் எடுத்தார்கள்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள யூபாரி அந்தத் தவறுக்குக் கொடுத்த விலையைக் கேளுங்கள். 1960 வாக்கில் ஏறத்தாழ 1.17 லட்சம் பேர் வாழ்ந்த நிலக்கரி நகரம் அது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, கடைசிச் சுரங்கம் 1990இல் மூடியது. நகராட்சி கடன் வாங்கிக் கேளிக்கைப் பூங்காவும் சுற்றுலா விடுதியும் நடத்தியது. பற்றாக்குறையைக் கணக்கில் மறைத்தது. 2007இல் 3,500 கோடி யென்னுக்கும் மேற்பட்ட கடனோடு நிதி முறிந்து நின்றபோது, வரிகள் உயர்ந்தன, 171 படுக்கைகள் இருந்த மருத்துவமனை 19 படுக்கைகள் கொண்ட சிகிச்சையகமாகியது, தொடக்கப் பள்ளிகள் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டன. விருந்தாளியை எதிர்பார்த்துச் செலவிட்ட பணத்துக்கு வீட்டிலிருந்தவர்கள் பசித்திருக்க நேர்ந்தது. இன்று அங்கே இருப்பவர்கள் ஏழாயிரத்துக்கும் குறைவு.

கேள்வி: படிப்புக்காகச் சிற்றூரை விட்டு வந்தேன். வேலையும் பெருநகரத்தில்தான். பெற்றோர் அங்கே தனியாக இருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள்தான் ஊரைக் கொன்றோம் என்ற குற்றவுணர்வு விடுவதில்லை.

பதில்: குற்றவுணர்வு வேண்டாம். 2014இல் ஜப்பானில் வெளியான ஓர் அறிக்கை, 2040க்குள் 896 நகராட்சிகளும் ஊர்களும் அழிந்துபோகக்கூடும் என்று கணித்து நாட்டையே உலுக்கியது. இருபது முதல் முப்பத்தொன்பது வயதுக்குள்ளான பெண்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும் ஊர்களை அது பட்டியலிட்டது. அந்தப் பெண்கள் ஏன் போனார்கள் என்று கேட்காமல், அவர்கள் போனதே குற்றம்போல் பலர் எழுதினார்கள். கற்ற கல்விக்கு வேலையும், தன் விருப்பப்படி வாழ இடமும் இல்லாத ஊரிலிருந்து ஓர் இளம்பெண் வெளியேறுவது அந்த ஊரைப் பற்றிச் சொல்லப்படும் தீர்ப்பே தவிர, அவரைப் பற்றியது அல்ல. உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நகரங்களில் வாழத் தொடங்கியது 2007 வாக்கில்தான். கோடிக்கணக்கானோர் நடந்த பாதையில் நீங்களும் நடந்திருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் பெற்றோரின் நாள் எப்படிக் கழிகிறது என்பது வேறு கேள்வி. அதற்கு உங்கள் பாசம் மட்டும் விடையாகாது. கடைசிப் பேருந்து நிறுத்தப்பட்ட ஊரில் முதியவர் வீட்டுக்குள் அடைபடுகிறார். 1963இல் பிரிட்டனில் வெளியான பீச்சிங் அறிக்கை, இலாபம் தராத 2,363 ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. அப்படித் துண்டிக்கப்பட்ட பல சிற்றூர்கள் மீண்டும் ரயில் கேட்டு இன்றுவரை மனுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஜப்பானின் டொயாமா நகரம் இதற்கு எதிர்த்திசையில் சென்றது. பயணிகள் குறைந்துகொண்டிருந்த ஒரு ரயில் தடத்தை மூடாமல், 2006இல் அதை அடிக்கடி ஓடும் இலகு ரயிலாக மாற்றியது; வயது முதிர்ந்தவர்கள் பகல் வேளையில் நகர நடுவத்துக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் வந்துபோக ஏற்பாடு செய்தது. முதியவர்கள் மீண்டும் வெளியே வரத் தொடங்கினார்கள். உங்கள் ஊருக்கும் பெற்றோருக்கும் ஏதேனும் செய்ய விரும்பினால், பணம் அனுப்புவதோடு, அந்த ஊரின் பேருந்துக்காகவும் மருந்தகத்துக்காகவும் மனு எழுதும் கைகளில் உங்கள் கையும் ஒன்றாக இருக்கட்டும். படிப்பு உங்களுக்குத் தந்த பலம் அந்த எழுத்தில் உதவும்.

கேள்வி: எங்கள் நகராட்சியிடம் பணம் மிகக் குறைவு. ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்யச் சொல்வீர்கள்?

பதில்: தெருவிளக்கு.

2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி திவாலாகிவிட்டதாக நீதிமன்றத்தில் மனுக்கொடுத்தபோது, அதன் 88,000 தெருவிளக்குகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு எரியவில்லை. அந்த நகரத்துக்கு நடுவே தனி ஆட்சி கொண்ட ஹைலண்ட் பார்க் என்ற சிறிய ஊரில், மின்கட்டண நிலுவைக்காக 2011இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகளைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பள்ளிப் பேருந்துக்காக விடிவதற்கு முன் தெருமுனையில் நிற்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள்.

டெட்ராய்ட் விளக்குக்கென்றே தனி ஆணையம் அமைத்தது. இருந்த 88,000 கம்பங்களையும் அப்படியே பழுதுபார்க்க முற்படவில்லை. செம்புக் கம்பி திருடுபோகும் இடங்களில் அலுமினியக் கம்பியைப் போட்டார்கள். பெரிய சாலைகளிலும் ஒவ்வொரு தெருமுனையிலும் விளக்கு இருக்க வேண்டும் என்று வகுத்து, இன்றைய நகரத்துக்குப் போதுமான 65,000 எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தி, 2016 டிசம்பரில் வேலையை முடித்தார்கள். கடைசித் தெருவில் விளக்கேற்றிய அன்றும் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை குறைந்துகொண்டுதான் இருந்தது. 1957க்குப் பிறகு முதல்முறையாக அது சற்று உயர்ந்ததாக அரசு மதிப்பீடு சொன்னது 2023ஆம் ஆண்டைப் பற்றித்தான். இடைப்பட்ட அந்த ஆறேழு ஆண்டுகளும் அந்த விளக்குகள், ஊரைவிட்டுப் போகாதவர்களுக்காக எரிந்தன.